சவுலைத் தள்ளி, தாவீதை மன்னித்தது பாரபட்சமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இஸ்ரவேலின் ராஜா சவுல் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டான்? தீர்க்கதரிசி சாமுவேல் வரத் தாமதமானதால் தானே பலி செலுத்தினான், அமலேக்கியரிடம் பிடித்த ஆடுமாடுகளில் நல்லதை விட்டுவைத்தான். தாவீதோ அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அதை மறைக்க அவள் புருஷனைப் போர்முனையில் சாகடித்தான். அப்படியிருக்க சவுல் தள்ளப்பட்டவன், தாவீது தேவனுடைய இருதயத்துக்கு ஏற்றவன் என்றால் இது பாரபட்சம் இல்லையா, இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. ஞாயிறு பள்ளியில் பல வருஷம் இந்தப் பகுதியை எடுத்திருக்கிறேன், ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். சவுல் கெட்ட ராஜா, தாவீது நல்ல ராஜா என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம், ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. பாவத்தைத் தராசில் வைத்தால் தாவீதின் தட்டுதான் தாழும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1 சாமுவேல் புத்தகத்தைப் பொறுமையாக வாசித்தால் அது தராசைக் கையில் எடுக்கவே இல்லை என்பது தெரியும். தப்பு வெளியே வந்த அந்த நிமிஷத்தில் இந்த மனுஷன் யாருடைய முகத்தைப் பார்க்கிறான் என்பதைத்தான் அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

முதலில் சவுலுக்கு நியாயம் செய்துவிட்டுப் பேசுவோம். அவன் ஆரம்பம் அருமையான ஆரம்பம். பென்யமீன் கோத்திரத்துக் கீசின் மகன், ஜனங்கள் எல்லாரும் அவன் தோளுக்குக் கீழேதான். அப்பாவின் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் போனவன், சாமுவேலிடம் அபிஷேகம் பெற்றுத் திரும்புகிறான். ராஜாவாக அவன் பெயர் சீட்டில் விழுந்தபோது ஆளையே காணோம், மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்தான். "இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான்" என்று சிலர் ஏளனம் செய்தார்கள், அவன் காது கேளாதவன் போல இருந்தான். அப்புறம் அம்மோனிய ராஜா நாகாஸ், யாபேஸ் பட்டணத்து ஆட்களின் வலது கண்ணையெல்லாம் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது, வயலிலிருந்து மாடுகளின் பின்னால் வந்துகொண்டிருந்த சவுல்தான் எழும்பிப் போய் அந்த ஊரை மீட்டான். ஜெயித்த கையோடு, "அன்றைக்கு ஏளனம் செய்தவர்களைக் கொண்டுவாருங்கள், கொன்றுபோடுவோம்" என்று ஜனங்கள் கொதித்தபோது, இன்று ஒருவரும் கொல்லப்படக்கூடாது, இன்று கர்த்தர் இஸ்ரவேலுக்கு இரட்சிப்பைக் கொடுத்தார் என்றான். இந்தச் சவுலை யாருக்குத்தான் பிடிக்காது? பின்னால் வரும் எல்லாவற்றையும் இந்த நாளோடு சேர்த்து வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்காது.

இப்போது கில்கால் என்ற இடத்துக்கு வருவோம். எதிரிகளான பெலிஸ்தர் மிக்மாசில் வந்து இறங்கிவிட்டார்கள், எண்ணிக்கையில் கடற்கரை மணல் மாதிரி. இஸ்ரவேலில் கொல்லன் ஒருவன்கூட இல்லை, கலப்பைக் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தரிடம்தான் போக வேண்டும். சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமும் தவிர வேறு யார் கையிலும் பட்டயமோ ஈட்டியோ கிடையாது. ஜனங்கள் குகையிலும் முட்புதரிலும் பதுங்குகிறார்கள், சிலர் யோர்தானையே தாண்டிவிட்டார்கள். ஏழு நாள் காத்திரு என்று சாமுவேல் சொல்லியிருந்தார். சவுல் காத்திருந்தான். ஏழாவது நாளும் வந்தது, சாமுவேலைக் காணோம். கூட இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்கிறார்கள். பலியை என்னிடம் கொண்டுவாருங்கள் என்றான். செலுத்தி முடித்தான். அந்த நேரம் பார்த்து சாமுவேல் வந்து நிற்கிறார்.

அவன் சொன்ன பதிலைக் கவனியுங்கள். ஜனங்கள் என்னைவிட்டுச் சிதறிப்போனதைக் கண்டேன், நீர் சொன்ன நாளில் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், அதனால் மனதை அடக்கிக்கொண்டு துணிந்து செலுத்தினேன். மூன்று காரணம், மூன்றும் உண்மை! நான் இங்கே நின்று யோசித்ததுண்டு, நானாக இருந்தால் ஐந்தாம் நாளே செலுத்தியிருப்பேன். ஆனால் அந்த வரிசையில் முதலில் வருவது "ஜனங்கள் என்னைவிட்டுப் போகிறார்கள்" என்பது. அவனுக்குப் பலி, தேவனோடு பேசும் இடமாக இல்லாமல், கூட்டம் கலையாமல் பிடித்து வைக்கும் கயிறாக மாறிவிட்டது. சாமுவேல் போனதும் அவன் செய்த முதல் வேலை ஆள் எண்ணியது. அறுநூறு பேர் இருந்தார்கள். கிதியோனுக்கு 32,000 பேரை 300 ஆக்கிக் கொடுத்த அதே தேவன்தான் என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த அதிகாரத்திலும் இதே கதை வேறு உடையில் வருகிறது. யோனத்தானும் அவன் ஆயுததாரியும் இரண்டே பேராகப் பாறையில் கைகாலால் தொற்றி ஏறி எதிரியின் தாணையத்தை அடிக்கிறார்கள். அப்பாவோ கீழே, நான் என் சத்துருக்களைப் பழிவாங்கும்வரை, சாயங்காலம்வரை எவன் சாப்பிட்டாலும் சபிக்கப்பட்டவன் என்று ஆணையிட்டுவைக்கிறான். காட்டில் தேன் ஒழுகுகிறது, ஒருவரும் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆணை தெரியாத யோனத்தான் கோல் நுனியில் தொட்டு நக்கினான், கண் தெளிந்தது. என் அப்பா தேசத்தைக் கலக்கிவிட்டார் என்று மகனே சொல்லும்படி ஆயிற்று. உபவாசம் நல்ல காரியம்தான், ஆனால் தலைவன் தன் பதற்றத்தை உபவாசமாக்கி மற்றவர் வயிற்றில் கட்டும்போது அது பக்தி ஆகாது. அன்று மாலை அந்த ஜனங்கள் பசி தாங்காமல் இரத்தத்தோடேயே இறைச்சியைத் தின்றார்கள். தேவன் சொல்லாத கட்டளையைக் காப்பாற்றப் போய், சொன்ன கட்டளையை மீறினார்கள். சபைகளில் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, அமலேக்கு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண், பெண், குழந்தை, ஆடு, மாடு எல்லாவற்றையும் அழி என்ற அந்தக் கட்டளை வாசிக்கக் கஷ்டமானது, எனக்கும் கஷ்டம்தான், அதை இரண்டு வரியில் நியாயப்படுத்தி முடித்துவிட நான் முயலமாட்டேன். இன்றைக்கு யாரும் அந்த வசனத்தை எடுத்து வேறொரு ஜனத்தின் மேல் வைத்துப் பேச அனுமதி இல்லை, அது மட்டும் எனக்கு உறுதி. ஆனால் சவுல் அமலேக்கிய ராஜா ஆகாகைத் தப்பவிட்டது இரக்கத்தினால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சாதாரண ஜனங்களை அவன் விடவில்லை. ராஜாவை விட்டுவைத்தான், கொழுத்த ஆட்டை விட்டுவைத்தான். அற்பமானதையும் உதவாததையும் அழித்தான் என்று வசனமே சொல்கிறது. நல்லது நமக்கு, கழிசடை கர்த்தருக்கு.

அன்று இரவு முழுவதும் சாமுவேல் தூங்காமல் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் சவுலைத் தேடிப் போனால், அவன் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டுக் கில்காலுக்குப் போயிருக்கிறான் என்று சொல்கிறார்கள். தனக்கு. மூட்டைக்குள் ஒளிந்த பையனா இவன்!

கில்காலில் சவுல்தான் முதலில் பேசுகிறான், குரல் உற்சாகமாக இருக்கிறது: கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன். அந்த நேரத்தில் பின்னால் ஆடு கத்துகிறது. சாமுவேல் கேட்டதைக் கற்பனை செய்து பாருங்கள், அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன, மாடுகளின் சத்தம் என்ன? இதைவிடக் கூர்மையான கேள்வி வேதத்தில் அதிகம் இல்லை. நாம் எவ்வளவு அழகாகச் சாட்சி சொன்னாலும் எங்கோ பின்னால் ஒரு ஆடு கத்திவிடும்.

சவுல் உடனே, ஜனங்கள் தப்பவைத்தார்கள், உம்முடைய தேவனாகிய கர்த்தருக்குப் பலியிட என்கிறான். அந்த வார்த்தையைக் கோடிட்டு வையுங்கள். உம்முடைய தேவன். ஒரே அதிகாரத்தில் மூன்று தடவை சாமுவேலிடம் அப்படிச் சொல்கிறான், 15, 21, 30 ஆம் வசனங்கள். என் தேவன் என்று ஒரு தடவைகூட வாய் வரவில்லை. பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சாமுவேல் சொல்வது இங்கேதான். நாம் அதைச் சுவரில் எழுதி மாட்டுகிறோம், ஆனால் அது ஆடு கத்திக்கொண்டிருக்க, கண்ணீரோடு இரவெல்லாம் விழித்த கிழவர் ஒருவர் தான் அபிஷேகம் பண்ணின பையனிடம் சொன்னது.

கடைசியில் சவுல் ஒத்துக்கொள்கிறான். பாவஞ்செய்தேன், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். இது உண்மையான வாக்குமூலம் என்றே நினைக்கிறேன், தன் வியாதிக்குச் சரியான பெயரை அவனே சொல்லிவிட்டான். ஆனால் ஆறு வசனம் தள்ளி மறுபடியும் பேசுகிறான். பாவஞ்செய்தேன், ஆனாலும் என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகவும் இஸ்ரவேலுக்கு முன்பாகவும் என்னைக் கனம்பண்ணும். கர்த்தர் உன்னைத் தள்ளிவிட்டார் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறான், சாமுவேலின் சால்வைத் தொங்கல் கிழிந்து கையில் இருக்கிறது, அந்த நிலையிலும் அவன் கண் ஓரத்தில் நிற்கிற மூப்பர்மேல்தான் இருக்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள், நாம் சண்டை போட்ட மாதிரி தெரியக்கூடாது, வாரும், சேர்ந்து போவோம் என்கிறான், அவ்வளவுதான்.

என் கதை ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும். வாலிபர் கூட்டத்துக்குப் பொருளாளராக இருந்த காலத்தில், ஒரு முகாமுக்குச் சேர்த்த காணிக்கைப் பணத்தில் கொஞ்சத்தை என் அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்தேன், மாத முடிவில் வைத்துவிடலாம் என்ற எண்ணம். கணக்கைச் சரிபார்த்த அண்ணன் ஒருவர், சத்தம் போடாமல், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டார். நான் மறைக்கவில்லை. தப்பு அண்ணா, மன்னிச்சுக்குங்க என்றேன். அடுத்த மூச்சில் கேட்டேன், "கமிட்டியில வேற யாருக்கும் தெரியுமா?" அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பி வைத்தேன், பதவியில் தொடர்ந்தேன், மேடையில் ஜெபமும் பண்ணினேன். நான்கைந்து வருஷம் கழித்து இந்த 30 ஆம் வசனத்தை வகுப்புக்காகத் தயாரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செருப்பு ஸ்டாண்டும் அவர் முகமும் கண்முன் வந்து நின்றன. மேலே படிக்க முடியவில்லை.

இப்போது தாவீதுக்கு வாருங்கள். அவன் செய்தது பயங்கரம், அதை எந்த விதத்திலும் குறைக்கக்கூடாது. மறைக்கவும் செய்தான், குழந்தை பிறக்கும்வரை மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் சவுலைவிட மோசம். தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழை ஒருவன் மடியில் மகள் போல வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, நீயே அந்த மனுஷன் என்றபோது தாவீது சொன்ன பதில் எபிரெயத்தில் இரண்டே சொற்கள். கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன். காரணம் இல்லை, ஆனாலும் இல்லை, ஜனங்கள் இல்லை, யாருக்குத் தெரியும் என்ற கேள்வி இல்லை. நாத்தானைத் தீர்த்துக்கட்ட அவனிடம் அதிகாரம் இருந்தது, அவள் புருஷன் உரியாவை அப்படித்தானே தீர்த்தான்? செய்யவில்லை. அப்புறம் அவன் தண்டனை இல்லாமல் தப்பினான் என்று எண்ணவேண்டாம். குழந்தை செத்தது, மகள் தாமார் கெடுக்கப்பட்டாள், மகன் அம்னோன் கொல்லப்பட்டான், இன்னொரு மகன் அப்சலோம் அப்பாவையே துரத்தினான். மன்னிப்பு கிடைத்தது, விளைவு நிற்கவில்லை. பாரபட்சம் என்று சொல்லுமுன் 2 சாமுவேல் 13 முதல் 18 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

மனுஷருடைய முகத்தைப் பார்த்தே வாழ்ந்தவன் அப்புறம் என்ன ஆகிறான் என்பதுதான் சவுல் கதையின் மிச்சம். பெண்கள் மேளம் அடித்து, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பாடினார்கள், ஒரே ஒரு பாட்டு, அன்று முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான். ஜனங்களின் பாராட்டுதான் மூச்சு என்றால், அது அடுத்தவனுக்குப் போகும்போது மூச்சு முட்டத்தானே செய்யும்! ஈட்டி பறந்தது, தாவீதை நோக்கி மட்டுமல்ல, ஒரு சாப்பாட்டு மேஜையில் சொந்த மகன் யோனத்தானை நோக்கியும்.

இதில் அதிகம் பேசப்படாத இடம், ஆசாரியர்களின் ஊரான நோபு. மரத்தடியில் ஈட்டியும் கையுமாக உட்கார்ந்து, எனக்காக வருத்தப்படுகிறவன் உங்களில் ஒருவனும் இல்லை என்று தன் ஆட்களிடமே அழுதுகொண்டிருக்கிறான் சவுல். ஏதோமியனான தோவேக்கு, ஆசாரியன் அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பம் கொடுத்ததைப் போட்டுக்கொடுத்தான். ஆசாரியர்களைக் கொல்லுங்கள் என்றான் ராஜா. காவலர்கள் கை நீட்டவில்லை, அவர்களுக்கு இருந்த தேவபயம் ராஜாவுக்கு இல்லை. தோவேக்கு ஒரே நாளில் 85 பேரைக் கொன்றான். அப்புறம் அந்த ஊரையே, ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பால்குடிக்கிற பிள்ளைகள், மாடுகள், கழுதைகள், ஆடுகள் எல்லாவற்றையும் வெட்டினான் என்று வசனம் வரிசையாக எழுதுகிறது. இந்தப் பட்டியலை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? ஏறக்குறைய அமலேக்கைக் குறித்துக் கொடுக்கப்பட்ட கட்டளையின் பட்டியலேதான் இது. கர்த்தர் சொன்னபோது ஆடுகளை மிச்சம் வைத்தவன், தன் கோபத்துக்கு ஆசாரியரின் கைக்குழந்தையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. சவுலின் தப்பு சின்னது என்று சொல்பவர்கள் 15 ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள், 22 வரை வர வேண்டும்.

இடையில் ஒரு வார்த்தை. "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்மேல் கைபோடாதே" என்பதை எடுத்து, சபையில் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்கிறார்கள். தன்னைத் துரத்திவந்த சவுல் குகையில் கையில் சிக்கியபோதும் தாவீது கொல்லவில்லை, உண்மை. ஆனால் வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து வெட்டின துண்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூவாயிரம் போர்வீரர் காதில் விழும்படி நீர் செய்வது அநியாயம், கர்த்தர் நியாயம் தீர்ப்பார் என்று சத்தமாகச் சொன்னான். கொல்லாமல் விட்டவன்தான் கேள்வியும் கேட்டான். அதே மாதிரி சவுலைக் கலங்கப்பண்ணின ஆவியைப் பற்றிய வசனத்தை எடுத்து, மனச்சோர்வில் கிடக்கும் ஒருவரைப் பார்த்து உனக்குச் சவுலின் ஆவி என்று சொல்வதும் கொடுமை. அவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூட உட்காருங்கள்.

கடைசி இரவு எந்தோர் என்ற ஊரில். கர்த்தர் சொப்பனத்திலும் பேசவில்லை, தீர்க்கதரிசியாலும் பேசவில்லை. தானே தேசத்தைவிட்டுத் துரத்திய குறிசொல்லுகிறவர்களில் ஒருத்தியைத் தேடி, வேஷம் மாறி, ராத்திரியில் போகிறான். வாழ்நாள் முழுவதும் முகம் காட்டக் கவலைப்பட்டவன் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறான். அங்கேயும் கேட்பது சாமுவேலைத்தான், செத்துப்போன சாமுவேலை. பயந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவனுக்குக் கன்றடித்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டுச் சாப்பாடு போட்டது அந்தப் பெண்தான். எனக்கு இந்த இடத்தில் சவுல்மேல் கோபமே வருவதில்லை. அவன் தள்ளப்பட்டபோது சாமுவேலும் அழுதார், எத்தனை நாள் துக்கிப்பாய் என்று கர்த்தரே கேட்கும் அளவுக்கு அழுதார். சவுலை வாசிக்கிறவர்களுக்கு அந்த அழுகை கொஞ்சமாவது வர வேண்டும் என்று நினைக்கிறேன், அது வராமல் எடுக்கும் பாடம் எதுவும் நமக்கு உதவாது.

மறுநாள் கில்போவா மலையில் மூன்று மகன்களோடு செத்தான். பெலிஸ்தர் தலையை வெட்டி, உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். மூப்பருக்கு முன்பாகக் கனம் கேட்டவன் ஊர் பார்க்க மதிலில் தொங்கினான். அவன் உடலை எடுக்க எந்த மூப்பரும் வந்ததாக எழுதப்படவில்லை. வந்தது யாபேஸ்காரர்கள். கனத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், மாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு நாளில் எழும்பிப் போய் அவன் காப்பாற்றிய ஊர். கண்ணைப் பிடுங்குவேன் என்ற நாகாசிடம் அன்று அவர்கள் ஏழு நாள் தவணை கேட்டிருந்தார்கள். இப்போது அவர்களில் பலசாலிகள் எல்லாரும் இரவு முழுவதும் நடந்துபோய், மதிலிலிருந்து சவுலையும் அவன் மகன்களையும் இறக்கி எடுத்துவந்து, எலும்புகளைத் தங்கள் ஊர் மரத்தின் கீழ் அடக்கம் செய்து, அவனுக்காக ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.